பசை ஆல்பம்

சூயிங்கம் பொட்டலத்தோடு வரும் காற்பந்து அட்டைகளை அக்காதான் முதலில் சேர்க்கத் தொடங்கினாள். முன்பக்கத்தில் ஓர் ஆட்டக்காரரின் படம். பின்பக்கத்தில் ஒரு பெரிய படத்தின் சிறு துண்டு. எல்லா அட்டைகளையும் கவிழ்த்து அடுக்கினால் கூட்டம் நிறைந்த ஒரு மைதானம் முழுதாகத் தெரியும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. பாதிப் படத்தைப் பார்க்கக் கூடாது, எல்லாம் சேர்ந்த அன்றுதான் கவிழ்க்க வேண்டும் என்பது அக்கா வைத்த சட்டம். விரதம் மாதிரி அதைக் காத்தாள்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஓரிடத்தில் கால் தங்காது. செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் போனேன், தஞ்சோங் காராங்கில் நெல் மூட்டை தூக்கினேன், கொஞ்ச நாள் மீன் படகில் இருந்தேன். வேலை இருந்தால் சோறு, இல்லாவிட்டால் தண்ணீர். அதில் சொல்ல ஒன்றுமில்லை. போகிற இடத்துக் கடைகளில் பொட்டலம் வாங்கி, கம்மை நான் மென்றுவிட்டு, அட்டையை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். கடைசியில் கோல்கீப்பர் அட்டை ஒன்றுதான் பாக்கி.

அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமாகி நாங்கள் வளர்ந்த தோட்டத்திலேயே வேறு லயத்து வரிசை வீட்டுக்குப் போயிருந்தாள். அட்டைகள் இருந்த பிஸ்கட் டின் துருப்பிடித்து, ஓரங்களில் கறை ஏறத் தொடங்கியது. நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி கோலசிலாங்கூர் பட்டணத்துக்குப் போனோம்.

புத்தகக் கடைக்காரர் சீனர். சீன முதலாளிகளை நாங்கள் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவார். மேசைமேல் ஒரு கறுப்புப் பைலை வைத்தார். உள்ளே பிளாஸ்டிக் பைகள் வைத்த தாள்கள். அட்டையைப் பைக்குள் செருகினால் போதும்.

"இது போடு தங்கச்சி. ரெண்டு பக்கமும் பாக்கலாம். விலையும் கம்மி."

அக்கா முகத்தைச் சுளித்தாள். "ஐயே, கிராணி ஆபீஸ் பைலு மாதிரி இருக்கு. வேலைக்கு வராதவங்க பேரெல்லாம் இதுலதான் இருக்கும். அந்தச் செவப்பு ஆல்பத்தக் காட்டுங்க தவுக்கே."

"அது கல்யாண ஆல்பம். தாள்ல பசை இருக்கு. ரொம்ப நாள் வெச்சா பிடிச்சுக்கும்."

அக்கா கேட்கவில்லை. ஆல்பத்தின் மெல்லிய மேல்தாளைத் தூக்கி, கொண்டுபோன அட்டை ஒன்றை ஒட்டிப் பார்த்தாள். பிரித்தாள். "பாருடா, எலையிலேருந்து அப்பளம் எடுக்கிற மாதிரி வருது. பிடிக்காதுலா."

"கல்யாண ஆல்பம் எதுக்குக்கா? மாப்பிள்ளை பதினொரு பேரா?"

"வாய மூடுடா. ஒரு மாப்பிள்ளைக்கே ஒரு போட்டோ இல்ல."

கடைக்காரர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எங்கள் லயங்களில் விருந்தாளி வந்தால் முதலில் கையில் கலர் தண்ணீர், அடுத்து மடியில் கல்யாண ஆல்பம். அக்காவின் கல்யாணத்துக்குப் படம் பிடிக்க வசதியில்லை. வருகிறவர்களுக்கு அவளால் தண்ணீர் மட்டும்தான் கொடுக்க முடிந்தது. விலை குறைந்ததை வாங்கச் சொல்லும் கடைக்காரருக்குப் பொய் சொல்லி என்ன லாபம் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் சிவப்பு ஆல்பத்தைத்தான் வாங்கினோம்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் மடியில் ஆட்டக்காரர்கள்தான். "இந்த மீசக்காரரு மாப்பிள்ளைக்கு மாமனா?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். அக்காவுக்கு அதில் பெருமை. மற்ற வீடுகளில் வைப்பதுபோலவே ஆல்பத்தை அலமாரியின் உச்சியில் வைத்தாள். அதற்கு மேல் தகரக் கூரை. பகலெல்லாம் அங்கே அடுப்புச் சூடு.

சில வருடங்கள் போயின. சுங்கை பஞ்சாங்கில் அறுப்பு வேலைக்குப் போயிருந்தபோது, ரோட்டோரக் கடை ஒன்றில் தூசி படிந்த பழைய பெட்டியைப் பார்த்தேன். உள்ளே நாங்கள் தேடிய பொட்டலங்கள். கம் கல்லாகியிருந்தது. கோல்கீப்பர் அட்டை அதில் இருந்தது. கூலியைக்கூட வாங்காமல் பஸ் ஏறினேன்.

அக்கா தரையைக் கூட்டிப் பாயை விரித்தாள். "கதவச் சாத்துடா, காத்துல பறந்துரும்" என்றாள். ஆல்பத்தை இறக்கி முதல் பக்கத்தின் மேல்தாளை இழுத்தாள். அது கிழிந்துகொண்டு வந்தது. அட்டை அசையவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பிறகு நான் பிளேடை நுழைத்தேன். அட்டை இரண்டாகப் பிளந்தது. ஆட்டக்காரர் கையில் வந்தார். பின்பக்கம் வெள்ளை நாராகப் பசையோடு நின்றுவிட்டது. அடுத்த பக்கத்தில் முயன்றோம். அதுவும் அப்படியே.

அக்கா என் கையிலிருந்து பிளேடை வாங்கிக்கொண்டாள். "விடுடா. ஆளுங்களாவது முழுசா இருக்கட்டும்."

கோல்கீப்பர் அட்டையை மட்டும் கவிழ்த்துப் பார்த்தோம். கொஞ்சம் புல், ஓரத்தில் யாரோ ஒருவரின் தூக்கிய கை. அவ்வளவுதான்.

அதை அவள் ஒட்டவில்லை. பின்பக்கம் தெரியும்படி முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்தாள். ஆல்பம் அலமாரி மேல் போனது. பிறகு அதை யார் மடியிலும் அவள் வைத்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். அதன் பிறகு எந்தக் கடையிலும் பொட்டலம் தேடி நிற்கவில்லை. ஓர் அட்டை கிடைத்துவிட்டது என்று சொல்லித்தான் அவ்வளவு காலமும் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன். வெறுங்கையோடு போக எனக்குத் தெரியவில்லை. தீபாவளிக்கு மட்டும் போனேன். பிறகு சில தீபாவளிகளுக்கு அதுவும் இல்லை.