ஒன்றரை டிக்கெட்டில் விழுப்புரம்

பிள்ளையை டாக்டரிடம் காட்ட வெளியூர் கிளம்பும் பெற்றோர் சிலர், "அந்தக் காலத்துல நீங்க எப்படிப் போனீங்க?" என்று இந்த வலைப்பூவில் கேட்டிருந்தீர்கள். எப்படிப் போனோமா? பஸ்ஸிலும் ரயிலிலும்தான். எங்களுக்கு வழி காட்டியது யார் என்பதைத்தான் எழுத வேண்டும். 1986, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை.

அப்போது நான் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, கோபம் மட்டும் நிறைய இருந்தது. நாள் முழுக்கக் காதில் ஊர்க் குரல்கள். ஒரு "ஹலோ" போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

என் தங்கை ஜெயமேரி கிளியனூரில் வாழ்க்கைப்பட்டவள். முந்தைய ஆடியில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவள் மகள் ரோசிக்கு ஆறு வயது. கூப்பிட்டால் திரும்பாது, முகம் பார்க்காது, பேச்சே கிடையாது. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அதன் ஓடுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். தாயைப் புதைத்து நாற்பது நாள் ஆவதற்குள் அந்தப் பிள்ளை பேச ஆரம்பித்தது, ஜெயமேரியின் குரலில்.

ஏதோ சாயல் என்று நினைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால், "வர்றியாக்கா? ஒரு நாளுதான். பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து வுட்டுர்றேன்" என்று செத்துப்போனவள் கேட்டாள். அதே இழுப்பு, கடைசியில் அதே கெஞ்சல். திரும்பினால் ரோசி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். பானையை அப்படியே போட்டுவிட்டேன்.

அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரே வாக்கியம்தான். தெருவுக்கு இது போதாதா? "அவ அக்காவையும் கூட்டிகினு போகத்தான் வந்திருக்கிறா" என்று என் காதுபடவே பேசினார்கள். ரோசியின் அப்பா அந்தோணி கொத்தனார், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவரையும் பயம் பிடித்துக்கொண்டது. பேய் பிடித்தவர்களைச் சங்கிலி போட்டு மரத்தில் கட்டிவைக்கும் இடம் ஒன்று இருந்தது. வருகிற சனிக்கிழமை ரோசியை அங்கே கொண்டுபோய் மூன்று மாதம் விட்டு வருவதென்று முடிவாகிவிட்டது.

ஆறு வயசுப் பிள்ளைக்குச் சங்கிலியா? லைனில் விழுப்புரம் ஆபரேட்டரைப் பிடித்து விசாரித்தேன். வியாழக்கிழமைதோறும் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறார், குழந்தைகளுக்கு மனநலம் பார்ப்பவர், ஸ்டேஷனுக்கு மேற்கே எங்கேயோ, ரிக்‌ஷாக்காரரைக் கேட்டால் சொல்வார் என்றார். அந்தோணியிடம் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். "டாக்டரு ஒண்ணும் இல்லன்னுட்டா சனிக்கெழம நான் சொல்றதுதான் அண்ணி" என்றார்.

முந்தின ராத்திரியே அங்கே போய்த் தங்கினேன்; வியாழன் காலை 6.50க்குக் கிளியனூரில் பஸ் ஏறினோம். திண்டிவனம் பதினேழு கிலோமீட்டர். ஏறியதும் ரோசி ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டாள். கம்பியில் நெற்றி பட்டதும், "ஜன்னலு சீட்டு குடுத்துட்டேன் இல்ல, அழக் கூடாது" என்றது ஜெயமேரியின் குரல். முன் சீட்டுக்காரர் திரும்பி, பேசிய பொம்பளையைத் தேடினார்.

திண்டிவனம் ஸ்டேஷனில் 8.40க்கு விழுப்புரம் பாசஞ்சர். கவுன்டரில் நான் வாய் திறப்பதற்குள் இடுப்புக்குக் கீழேயிருந்து அந்தக் குரல்: "விழுப்புரம் ஒண்ணரை டிக்கெட்டுங்க."

எனக்குத் தெரிந்து ஜெயமேரி விழுப்புரம் பக்கம் போனதே இல்லை. திண்டிவனம் சந்தைக்குக்கூடத் துணை தேடுகிறவள் அவள். அப்படியென்றால் இதைச் சொல்வது யார்? கவுன்டர்க்காரர் டிக்கெட்டைத் தள்ளினார். நாலரை ரூபாய். "உங்க பொண்ணு நல்லா பேசுதும்மா" என்றார், மகராசன்.

மீட்டர் கேஜ் பாதை, முப்பத்தெட்டு கிலோமீட்டர். மயிலம் தாண்டியதும் ரோசி, "அடுத்தது பேரணி. அப்பறம் விக்கிரவாண்டி. அப்பறம் கரும்பு நாத்தம் வரும், மூக்கைப் பொத்திக்கோ" என்றாள். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை நாற்றம் பெட்டிக்குள் ஏறியபோது பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டது. பேய் பிசாசெல்லாம் கட்டுக்கதை என்று எக்ஸ்சேஞ்சில் வாய்ச்சவடால் அடித்தவள் நான். பட்டப்பகலில், கூட்டமான பெட்டியில், "ஜெயா, நீயாடி?" என்று குனிந்து அதன் காதில் கேட்டேன். பிள்ளை மல்லாட்டையை உரித்து ஓட்டை என் மடியில் அடுக்கியது.

9.50க்கு விழுப்புரம். ரிக்‌ஷாக்காரர் ஒருவரிடம் டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் யோசிப்பதற்குள் ரோசி என் கையைப் பிடித்து இழுத்தாள். "புள்ளைக்கு வழி தெரியுது போல, இஸ்துகினு போவுது பாரும்மா" என்று சிரித்தார். பெரிய தெரு, பால் டிப்போ, மூன்றாவது சந்து. எங்கேயும் அவள் தயங்கவில்லை. நான் அவளைக் கூட்டிப் போகவில்லை, என்னைத்தான் யாரோ கூட்டிப் போனார்கள். சந்தின் முனையில், "பச்சை கேட்டு, வந்துட்டோம். பயப்படாத கண்ணு, எனக்கும்தான் பயமா இருக்குது" என்றது அந்தக் குரல். எதிரே பச்சை கேட் இருந்தது.

உள்ளே நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்து ஒரே சிரிப்பு. "பாப்பா வந்துட்டியா! அம்மா எங்க, பின்னாடி வர்றாங்களா?"

சொன்னால் நம்புவீர்களோ இல்லையோ, நான் திரும்பிப் பார்த்தேன். சந்தில் வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா அலமாரியிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். ரோசி, கிளியனூர். போன வைகாசியில் மூன்று வியாழக்கிழமைகள் வந்ததாகக் குறித்திருந்தது. உடன் வந்தவர்: தாய். பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பயமெல்லாம் அப்படியே வடிந்துபோய், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. யாரிடமும் சொல்லாமல், துணையில்லாமல், என் கோழைத் தங்கை இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

டாக்டரம்மா ஒன்றரை மணி நேரம் பார்த்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், மணி அடித்தார், மரக்கட்டைகளைக் கொடுத்தார். ரோசி கட்டைகளை அடுக்கினாள், ஒன்றை நகர்த்தினால் வீறிட்டாள். வீட்டில் எப்படி, சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று என்னைத் துருவினார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "பேயும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. இதுக்கு ஆட்டிசம்னு பேரு. சில பிள்ளைங்க கேட்டதை அதே ராகத்தோட மனசுல வச்சிருந்து, ரொம்ப நாள் கழிச்சி அப்படியே சொல்லும். அந்த இடத்தைப் பார்த்தா அங்க கேட்டது வரும், அந்த ஆளைப் பார்த்தா அவங்ககிட்ட பேசினது வரும்."

"குணமாக்க மருந்து இருக்குதுங்களா?"

"இதுக்கு மருந்து கிடையாது. பயிற்சி இருக்கு. படம் காட்டி, ஒரே நேரத்துல ஒரே மாதிரி செஞ்சி, கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் குடுக்கணும். அவங்க அம்மாகிட்டயும் இதைத்தான் சொன்னேன். வீட்டுல யாரையாவது கூட்டியாங்கன்னேன். அக்கா இருக்காங்க, கேட்டுப் பாக்குறேன்னு போனாங்க."

"எங்கிட்ட அவ கேக்கவே இல்லைங்களே" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பும் பாசஞ்சர் 3.20. விக்கிரவாண்டி கடந்ததும் ரோசி என் பக்கம் திரும்பாமலே, "வர்றியாக்கா? ஒரு நாளுதான்" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். வண்டி பேரணியில் நின்றது, பிளாட்பாரத்தில் மணி அடித்தார்கள். பக்கத்திலிருந்து வேறொரு குரல் கேட்டது. "எனக்கு வேற வேலை இல்லையா? புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சி. போடி, பேஜாரு பண்ணாத. லைன் வருது."

யாரிது, இவ்வளவு கடுகடுப்பாக? ஊர்க் குரலெல்லாம் தெரிந்த எனக்கு இந்தப் பொம்பளையைத் தெரியவில்லை. பேசியது ரோசியின் வாய்தான். "லைன் வருது" என்று சொல்கிறவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்திதான் உண்டு என்று உறைக்க, வண்டி நகரும்வரை ஆனது. என் குரலை அதுவரை நான் வெளியிலிருந்து கேட்டதே இல்லை.

அப்புறம் எல்லாம் ஞாபகம் வந்தது. எக்ஸ்சேஞ்சின் பின்வாசல், வைகாசி வெயில், இடுப்பில் பிள்ளையோடு ஜெயமேரி. காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றக்கூட இல்லை நான். "சரிக்கா, இன்னொரு நாளு" என்று போனாள். எனக்கு அது ஒரு நிமிஷப் பேச்சு, அன்றைக்கே மறந்துவிட்டேன். பிள்ளையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "வர்றேன்டி ஜெயா, வர்றேன்" என்றேன். அது திமிறி விலகிக்கொண்டது. பெட்டியில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

கிளியனூர் நிறுத்தத்தில் அந்தோணி சைக்கிளோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் சீட்டைக் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை. "அப்ப அவ இதுக்குள்ள இல்லையா அண்ணி?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயந்தவர் என்றுதானே நினைத்தேன்! "பயந்தான். ஆனா வேலை வுட்டு வந்ததும் இது பக்கத்துலயே குந்திக்கினு இருப்பேன், அவ எதுனா பேசுவாளான்னு" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்துவிட்டு, "சங்கிலியெல்லாம் வேணாம். பேசட்டும், பேசட்டும்" என்றார். அடுத்த மாதமே ரோசி திண்டிவனத்தில் என்னோடு இருக்க வந்துவிட்டாள். நாலு வருஷம் அந்தப் பச்சை கேட்டுக்குப் போனோம். பத்து வயதில் ஒருநாள் சொம்பைக் காட்டி, "தண்ணி" என்றாள். அது யாருடைய குரலும் இல்லை, அவளுடையது. அன்றைக்குத் தெருவுக்கே பாயசம் கொடுத்தேன்.

கிளம்புகிறவர்களுக்கு: திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு இப்போது பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், நிறைய வண்டி இருக்கிறது. கூட்டம் ஏறுவதற்குள் காலையிலேயே போய்விடுங்கள். பிள்ளை வீட்டில் அடுக்கும் சாமானை, அது எந்தக் குப்பையானாலும், பையில் போட்டுக்கொள்ளுங்கள். என்ன சொல்கிறது, எந்த இடத்தில் சொல்கிறது என்று எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவும். சங்கிலிக்காரர்கள் பக்கம் போகாதீர்கள். தனியாகப் போகாதீர்கள், கூப்பிட்டு வராதவர்களையும் விடாமல் கூப்பிடுங்கள். பிள்ளைக்குப் புரியாது என்று அதன் எதிரில் எதையும் பேசிவிடாதீர்கள்.

ரோசிக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறாள். நான் குரல் உடைந்து கிழவியாகிவிட்டேன், அவள் வாயில் மட்டும் என் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஜெயமேரி கேட்கிறாள், "வர்றியாக்கா?" பிறகு பதிலும் ரோசியே சொல்கிறாள், என் குரலில். சில நாள் "வர்றேன்டி" என்கிறாள். சில நாள் "போடி, லைன் வருது" என்கிறாள். இன்றைக்கு எதைச் சொல்வாளோ என்று வேலையெல்லாம் விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.