நீளப் பந்துக்குப் புதுத் தோல்

என் கையெழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ரகரமும் றகரமும் எனக்கு இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பியவை என்னுடையவை. இதை வாயால் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது.

நாங்கள் வேலூருக்கு வெளியே ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியின் வளாகத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அங்கே கட்டுத்துணி துவைத்துக் காயப்போடும் வேலை. ஆஸ்பத்திரியை நடத்தியவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு டாக்டர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி மட்டும் அவருக்கு வேறு முகம் வரும். காலை ஆராதனை முடிந்ததும் ஜெபக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, தன் தேசத்தில் இதே தேதியில் நடந்த பந்தாட்டத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார். பிறகு பையன்களை இரண்டாகப் பிரித்து, பந்தைக் கொடுத்து, அந்த ஆட்டத்தை ஆடவிடுவார். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடவேண்டும், எதிர்ப்பக்கத்தார் பிடித்துத் தள்ளவேண்டும். அதற்குமேல் எங்களுக்கு எதுவும் புரிந்ததில்லை.

கதையை ஜெபக்கூடத்து உபதேசியார் தமிழில் திருப்பிச் சொல்வார். அவருக்குப் பிரசங்கத் தொனி தவிர வேறு தொனி வராது. மேற்குச் சமுத்திரத்தின் அருகே இரண்டு சேனைகள் எதிர்நின்றன என்று ஆரம்பிப்பார். ஒரு சேனை நாற்பத்தொன்பது எடுத்தது, மற்றது ஒன்றுமே எடுக்கவில்லை. இன்னும் எட்டு நிமிஷம் பாக்கியிருக்கையிலேயே தோற்றவர்கள் போதும் என்று கேட்டுக்கொண்டார்கள். மனம் வெறுத்த ஊரார் பந்தை மூட்டை கட்டிவிட்டு, பின்வந்த வருஷங்களில் அதே தேதியில் ரத ஓட்டம் விட்டார்கள். ரதம் வந்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. இது வேதாகமத்தில், பார்வோனுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது என்று நம்பினேன்.

அந்தப் பந்து மட்டை உரிக்காத தேங்காய்போல நீளமாக, இரண்டு முனையும் கூம்பி இருக்கும். தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. வளாகத்தில் எல்லாரும் இதற்கு ஒரே காரணம் சொன்னார்கள். அது உருண்டைப் பந்துதான். பல வருஷம் அடிபட்டு இழுத்துக்கொண்டது. டாக்டர் சிக்கனக்காரர், தூக்கியெறிய மனமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் இந்தச் சிக்கனத்தைப் பிரசங்கத்திலேயே புகழ்ந்தார். டாக்டருக்கு அப்போது அவ்வளவு தமிழ் தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்து பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். மயிர் கழல்வதற்காகத் தோலை ஊறப்போடும் குழி அது. அதில் இறங்கி மிதித்துப் புரட்டுகிறவர்களின் கால்விரல் இடுக்கைச் சுண்ணாம்பு தின்றுவிடும். மாமாவுக்குத் தின்னத் தொடங்கியிருந்தது. இந்தக் குழியை விடாவிட்டால் விரல்கள் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டால் பிழைப்புக்கு என்ன செய்வது என்பது மாமாவின் கேள்வி.

அப்போதுதான், கால் வளைந்தவர்களுக்குச் செருப்பும் வாரும் தைக்க ஆஸ்பத்திரியில் ஓர் ஆள் வைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மாமாவுக்குத் தோல் தையல் தெரியும். அம்மா அப்பாவைப் போய்ப் பேசச் சொன்னாள். அப்பாவும் என்னைப் போலத்தான். அவர் வாய் திறப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. கடைசியில் டாக்டரே ஒருநாள் தையல் விட்டுப்போன பந்தை அப்பாவிடம் கொடுத்தார். உன் மைத்துனன் இதற்குப் புதுத் தோல் போட்டு வருஷப் பிறப்பன்று கொண்டுவரட்டும், அவன் கைவேலையைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்கிறேன் என்றார்.

மாமா வந்து பந்தை வாங்கி, பிரித்து, ஒரு துண்டை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"வயித்துத் தோலு இது, அக்கா," என்றார் அம்மாவிடம். "இதுல தெச்சா இழுத்துக்காம இன்னா பண்ணும்? பாவம், இத்தன வருசம் இத்த வெச்சே ஓட்டியிருக்காரு மனுசன்."

எப்படிக் கொடுத்தாரோ அப்படியே தைத்துக் கொடுத்துவிடேன் என்று அம்மா சொன்னாள்.

"கெட்டுப்போனது மாதிரியே புதுசு ஒண்ணு தெச்சுக் குடுத்தா, என்னைப் பத்தி இன்னா நெனப்பாரு?"

மாமா டேனரி மேஸ்திரி பாயிடம் கெஞ்சி, எருமையின் முதுகுப் பாகத்தில் ஒரு நல்ல துண்டு வாங்கினார். முதுகுத் தோல் எத்தனை அடித்தாலும் இழுத்துக்கொள்ளாது. உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை எந்த வடிவத்துக்கும் அடங்கிப்போகும் என்றார்.

1930ஆம் வருஷப் பிறப்பன்று மாமா வெளுத்த சட்டை போட்டு, பந்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மைதானத்தில் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டினார். முழுநிலவு மாதிரி உருண்டை. தையல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒரு திருப்தியான முனகல் எழுந்தது. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

டாக்டர் பந்தை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், முனைகளைத் தேடுகிறவர்போல. கட்டைவிரலால் தையலை அழுத்தித் தடவினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். பந்து பிடித்துவிட்டது என்று மாமாவும் கூடச் சிரித்தார். அதன்பின் டாக்டர் ஏதோ சொல்ல, உபதேசியார் எங்கள் பக்கம் திரும்பி, இந்தப் பந்தானது உண்டான நாள் முதலே நீளமானது என்று அறிவித்தார்.

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

டாக்டர் மாமாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அந்த வருஷத்துக் கதையைச் சொன்னார். போன வருஷம் இதே தேதியில் நடந்தது; கப்பலில் வந்த பத்திரிகையில் படித்தாராம். கீழே விழுந்த பந்தை ஒருவன் எடுத்தான். எடுத்த வேகத்தில் திசை மாறிவிட்டது. ஜனங்கள் கூச்சலிட்டார்கள், தன்னைப் புகழ்கிறார்கள் என்று எண்ணி இன்னும் வேகமாக ஓடினான். அவன் கூட்டாளியே பின்னால் துரத்திப்போய்ப் பிடித்து நிறுத்தினான். அப்போதுதான் தெரிந்தது, தன் சொந்த எல்லையை நோக்கி ஓடியிருக்கிறான் என்று. அதனாலேயே எதிரிக்கு இரண்டு புள்ளி போனது. கூட்டம் மாமாவைப் பார்த்துச் சிரித்தது.

டாக்டர் அதற்கப்புறமும் நெடுநேரம் பேசினார். உபதேசியார் வெயிலைப் பார்த்தார். மேசைமேல் ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்தார். "ஆகையால் நாமும் இந்தப் புதிய ஆண்டில் நேரான திசையில் ஓடக்கடவோம்," என்று முடித்தார். எல்லாரும் ஆமென் சொன்னோம்.

மாமா என்னைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டார். "டேய், அது என்னைத்தானே சொன்னாரு?"

"உன்ன இல்ல மாமா. அது வேதத்துல வர்ற ஆளு."

"வேதத்துலயே ஏத்திட்டாங்களா," என்றார் மாமா.

அன்றைக்குப் பையன்கள் உருண்டைப் பந்தைக் காலால் உதைத்து ஆடினோம். எங்களுக்கு ஆட்டம் புரிந்த ஒரே வருஷப் பிறப்பு அதுதான். முடிந்ததும் டாக்டர் மாமாவைத் தேடினார். மாமா பேரணாம்பட்டு பஸ் ஏறிப் போயிருந்தார். ஏதோ அவசர வேலை என்று அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஒருதரம் டாக்டர் மறுபடி கேட்டபோது அம்மா ஆள் அனுப்பினாள். சிரிக்கிறதுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லு என்று பதில் வந்தது. அப்பா அதை டாக்டரிடம் சொல்லவில்லை. அவனுக்கு ஜோலி ஜாஸ்தி என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில், துணி காயும் கயிற்றுக்குப் பக்கத்தில், ஒரு தாழ்ந்த மேசை வருஷப் பிறப்புக்கு முன்பே வந்திருந்தது. மேலே ஊசிகள், மெழுகு தடவிய நூல், தோல் தட்ட ஒரு கல். அந்த வருஷம் முழுக்க அதில் யாரும் வேலை செய்யவில்லை. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து வேர்க்கடலை தின்பேன்.

அடுத்த ஜனவரி ஒன்றாம் தேதிக்குள் உபதேசியார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். டாக்டர் தானே தமிழில் பேசினார். புதுக் கதை சொல்லவில்லை, போன வருஷத்துக் கதையையே மறுபடி சொன்னார். இந்தத் தடவை அது நீண்டுகொண்டே போனது. இடைவேளையில் அந்த ஆள் ஒரு மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அழுதான். முதல் பாதி ஆடினவர்களே மறுபாதியும் ஆடவேண்டும் என்றார் ஆட்டம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். இவன், என்னால் ஆகாது, எல்லாரையும் கெடுத்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு போவேன் என்றான். பாதிதான் ஆகியிருக்கிறது, எழுந்து போ என்றார் அவர். போனான். மறுபாதியில் அவனைப்போல யாரும் ஆடவில்லை. அவன் பக்கம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது, அது வேறு விஷயம்.

சொல்லிவிட்டு டாக்டர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "பந்து தைத்தவன் வந்திருக்கிறானா?" என்று கேட்டார்.

அப்பா குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதையின் இவ்வளவு நல்ல வாலை அன்றைக்கு உபதேசியார் விழுங்கிவிட்டாரே என்று மட்டும் நான் நினைத்தேன்.

கோடைக்கு முன்பு ஆற்காட்டிலிருந்து ஒருவர் வந்து அந்த மேசையில் உட்கார்ந்தார். நான் வேர்க்கடலை தின்ன வேறு இடம் பார்க்கவேண்டியதாயிற்று.

சில வருஷம் கழித்து மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார், நோயாளியாக. இடது காலில் விரல்களை எடுத்தார்கள். ஆற்காட்டுக்காரர் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அளவெடுத்து, அந்தக் காலுக்கென்று ஒரு செருப்பு தைத்துக் கொடுத்தார். மாமா அதைக் கையில் வாங்கி, திருப்பி, வாரை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"வயித்துத் தோலு," என்றார். "இழுத்துக்கும்."

பக்கத்தில் நின்ற நான் சிரித்தேன். மாமா எப்போதும்போல வேடிக்கை பேசுகிறார் என்று எண்ணினேன்.

எழுதி முடித்தது ஜனவரி இரண்டாம் தேதி, 1963. நேற்றே முடித்திருக்கவேண்டியது, வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.