புறாக்கள் இறங்கிய பள்ளம்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுச் சோற்றுக்கு யாரும் உப்புப் போடவில்லை, போடாமலே கரித்தது. டீக்குப் பால் ஊற்றினால் திரிந்துபோகும், பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கொட்டையாகவே நிற்கும், குளித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்தால் கையெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்திட்டில் எங்கள் குப்பம் இருந்தது. இரண்டு வருடம் மழை பொய்த்ததில் கைப்பம்புத் தண்ணீர் உப்பாகிவிட்டது. அக்கரையில் தோணிரேவுக்கு வரும் தண்ணீர் லாரியைத்தான் நம்பியிருந்தோம். சித்திரை பிறந்ததும் ஏரியே வற்றிப்போய், குடங்களோடு கிளம்பிய தோணிகள் பாதி வழியில் சேற்றில் தட்டி நின்றன.

எனக்கு அப்போது பத்து வயது. நைனா, இறால் போடும் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, ஏரிச் சேற்றைக் கையால் தடவி "எறா" பிடிப்பார். அம்மாவும் கூடப் போவாள். என் தங்கைக்கு ஒன்றரை வயது. பேர் என்று ஒன்று வைத்திருந்தும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். கரிக்கிற கஞ்சியைக் குடித்துக் குடித்து அவளுக்குப் பேதி நிற்கவேயில்லை. ஊசி போட்ட நர்ஸம்மா, "நல்ல தண்ணியில கஞ்சி வச்சுக் குடும்மா" என்று சொல்லி அனுப்பினார். அந்த நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அம்மா பிறந்த ஊர் காட்டூர். நெல் விளைகிற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் குப்பத்தில் அவளை "வயக்காட்டுக்காரி" என்று கேலி பேசுவார்கள். மற்றவர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அம்மா மட்டும் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனு துன்ற கொக்கும் நாரையும் உப்புலயே பொழச்சிக்கும். தானியம் பொறுக்குற புறாவுக்குத் தெனம் நல்ல தண்ணி வோணும். அது எங்கனா குடிச்சாவணும் இல்ல?" என்று ஒருநாள் நைனாவிடம் கேட்டாள்.

நைனா பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "போய்ப் பாரு" என்றார்.

சுள்ளி பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா மணல்மேடுகளுக்குள் நடந்தாள். வெயில் தாழும் நேரத்தில் புறாக்கள் இரண்டு மூன்றாக, தாழ்வாக, எங்கும் உட்காராமல் வடகிழக்கே போயின. திரும்பும்போது சவுக்கு மரத்துக்குச் சவுக்கு மரம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தன. "பாத்தியா, வயிறு ரொம்பிட்ச்சி, அதான் பறக்க முடில" என்று அம்மா காதோடு சொன்னாள். முதல் நாள் ஒரு மேட்டோடு அவை கண்ணுக்குத் தப்பிவிட்டன. மறுநாள் அந்த மேட்டிலேயே போய்க் காத்திருந்தோம். மூன்றாம் நாள், ராவணன் மீசைப் புல் படர்ந்த இரண்டு மேடுகளுக்கு நடுவே, மணலில் நரியின் காலடித் தடங்கள் நாலு பக்கத்திலிருந்தும் வந்து ஒரே இடத்தில் கூடுவதைக் கண்டோம். அங்கே நரி பறித்த குழி ஒன்று முழங்கை ஆழத்துக்கு இருந்தது. அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர். ஓரத்து ஈரமணலில் தேனீக்கள். அம்மா கொட்டாங்கச்சியில் மெதுவாக மொண்டு வாயில் வைத்தாள். விழுங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு எனக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் குடித்த எந்தத் தண்ணீரும் அப்படி இனித்ததில்லை.

தினம் ஒரு குடம்தான் எடுப்பாள். ஊறி நிறைய வெகுநேரம் ஆகும். குடம் நிறைந்ததும் குழியில் மறுபடி தண்ணீர் தெரிகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்புவாள். "அதுங்க காட்டுன தண்ணி, அதுங்களுக்கும் வுட்டு வைக்கணும்" என்பாள். குடத்தின் மேல் சுள்ளியைப் பரப்பி மறைத்துக் கொண்டுவருவோம். ஆறேழு நாளில் பாப்பா எழுந்து உட்கார்ந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டு சரசா அக்காவின் மகன் ரவிக்கும் அதே பேதி. அவன் அழுவது எங்கள் வீட்டுக்குள் கேட்கும். ஒருநாள் அழத் தெம்பில்லாமல் அந்த அழுகையும் நின்றது. அம்மா ஏரிக்குப் போயிருந்த நேரம், நான் ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சரசா அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இன்னாடி இது, எளநி மாதிரி கீது! எங்கருந்துடி?"

சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்க முடியுமா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மறுநாள் குப்பமே குடங்களோடு அங்கே நின்றது. ஆண்கள் மண்வெட்டியால் குழியை அகலப்படுத்தி, ஆள் ஆழத்துக்கு வெட்டி, சிமென்ட் உறை இறக்கினார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினாள்: "ஆழமா வெட்டாதீங்க. மேலாப்புல கீறதுதான் நல்ல தண்ணி, அடியில உப்பு." வயக்காட்டுக்காரிக்கு மணலைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். மாடும் நரியும் வராமல் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் முள்ளை அம்மா இழுத்துவிட்டபோது, "நரிக்கு இன்னாத்துக்குத் தண்ணி? நம்ம கொயந்தைங்க சாவட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். வேலிக்கு வெளியே நரி புதிதாகப் பறித்த குழிகளைப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தன.

எட்டு நாள் எல்லோரும் வயிறாரக் குடித்தோம். ஒன்பதாம் நாள் தண்ணீர் லேசாகக் கரித்தது. இன்னும் ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் வரும் என்று மறுபடியும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு கைப்பம்பு தேவலாம் என்று ஆகிவிட்டது. அம்மா மட்டும் ஒரு வாரம் மேடு மேடாக ஏறி வானத்தைப் பார்த்தாள். புறாக்கள் எங்கள் பக்கமே வரவில்லை.

பாப்பாவுக்குப் பேதி திரும்பியது. ஏரியில் தோணி ஓடாததால் நைனா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்கி அக்கரைக்கு நடந்தார். பாதி ஏரி கூடத் தாண்டவில்லை. திரும்பி வரும்போதும் அவளைத் தோளிலேயே, தலை நனையாமல், அதே மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சொம்பைப் பற்றி வீட்டில் யாரும் எப்போதும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும்.

ரவி பிழைத்துக்கொண்டான். இப்போது மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். நானும் அங்கேதான் குடியிருக்கிறேன். பண்டிகைக்கு "அக்கா" என்று பழம் வாங்கிக்கொண்டு வருவான். அவனைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அவன் போன பிறகு நான் அன்றைக்கு யாரோடும் பேசமாட்டேன்.

நைனா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம், ஒரு தடவை குப்பத்துக்குப் போய்வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கூட்டிக்கொண்டு போனேன். குப்பத்தை எப்போதோ உள்ளே தள்ளி மாற்றியிருந்தார்கள். சவுக்கு இல்லை, ராவணன் மீசை இல்லை, மேடுகள் இல்லை. கடல் உள்ளே வந்திருந்தது. நாங்கள் நடந்து திரிந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாப்பாவ எந்தப் பக்கம்டி வச்சோம்?" என்று கேட்டாள்.

அவளைப் புதைத்ததும் நரி குழி பறித்திருந்த அந்த மேட்டின் ஓரத்தில்தான். எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு பக்கம் கையை நீட்டினேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பி, தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டாள்.