மச்சானின் ரெக்கார்டை அடித்தது யார்?

போன வாரம் விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒருவர். இஸ்திரி கலையாத சட்டை, நரைக்கத் தொடங்கிய மீசை, கையில் செல்போன். போனுக்குள் பாம்பு.

பாம்பு என்றதும் பதறாதீர்கள்... விளையாட்டுப் பாம்புதான். புள்ளியைத் தின்னும். தின்னத் தின்ன நீளும். நீண்டு நீண்டு, தன் உடம்பிலேயே தான் முட்டிக்கொண்டால் ஆட்டம் முடிந்தது.

அவர் ஆமத்தூரில் இறங்க வேண்டியவர். ஆமத்தூர் வந்தது. போயும் விட்டது. அவர் தலை நிமிரவே இல்லை. திருத்தங்கல் வந்த பிறகுதான் வெளியே பார்த்தார்.

“அண்ணாச்சி, ஆமத்தூர் வந்துருச்சா?”

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார். “வந்துச்சு. உங்களைத்தான் கேட்டுச்சு. அவுக ஆட்டத்துல இருக்காக, தொந்தரவு பண்ணாதன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டில் பூக்கூடை வைத்திருந்த அம்மா, “மீசை நரைச்சும் பச்சப்புள்ள கணக்கால்ல இருக்காரு” என்று ஆரம்பித்தார். அப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். செல்போன் குடும்பத்தைக் கெடுக்கிறது, கண்ணைக் கெடுக்கிறது, ஊரையே கெடுக்கிறது... கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். “நீங்க சொல்லுங்கய்யா, இதெல்லாம் ஒரு பொழப்பா?”

நான் வாயைத் திறக்கவில்லை.

முன்னாலாக இருந்தால் முதல் ஆளாக நான்தான் ஏசியிருப்பேன். இப்போது யாராவது போனுக்குள் குனிந்திருந்தால் ஏச வாய் வருவதில்லை. காரணம் – என் மச்சான்.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். பெயர் குருசாமி. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆபீஸில், அதாவது ஆலையில், ஃபோர்மேனாக இருந்து ஓய்ந்தவர். நான் சிவகாசியில் அச்சாபீஸில் லேபிள் அடித்து ஓய்ந்தவன். அவர் வெடிச்சரம் கட்ட வைப்பார், அந்தச் சரத்துக்கு மேலே ஒட்டுகிற மயில் படத்தை நான் அடிப்பேன். பள்ளிக்கூடம் போகாத நான் எழுத்துக் கூட்டப் படித்ததே அந்த லேபிள்களில்தான். முதலில் படித்த வார்த்தை ‘எச்சரிக்கை’. சரி, அதை விடுங்கள். வழி மாறிப் போகிறேன்.

வேலைக்குப் போகாத ஆம்பளைக்குச் சாயங்காலம் என்பது பெரிய கஷ்டம். டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது? எதற்கு நடப்பது? ஒரு ஜோலியும் இல்லாமல் ரோட்டில் நடந்தால், பார்க்கிறவனெல்லாம் “எங்க போறீக?” என்று கேட்பான். பதிலுக்கு எங்கே போவது? ஆகவே நானும் மச்சானும் கேரம் போர்டைத் தேர்ந்தெடுத்தோம். அவர் வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில், ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் போர்டு. தோற்றவன் ஜெயித்தவனுக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும், ஜெயித்தவன் சொல்லுகிற கேலியையும் கேட்க வேண்டும். டீ பரவாயில்லை. கேலிதான் தொண்டையில் இறங்காது.

“மாப்ளே, லேபிளு ஒட்டுற மாதிரி காயைத் தடவுதீகளே... அடிக்கணும் மாப்ளே, அடிக்கணும்!”

மச்சான் அப்படித்தான். வெட்டி அடிக்கிறது, சுவரில் மோதி வருகிறது எல்லாம் கிடையாது. நேர் அடி. ஸ்ட்ரைக்கரை வைத்தால் காய் பாக்கெட்டில். வருஷக்கணக்கில் நான்தான் டீ வாங்கினேன்.

பிறகு ஒரு நாள் அவர் அடி தப்பியது. மறுநாளும் தப்பியது. நான் கவனித்தேன்... தப்புவது ஒரே பக்கமாகத் தப்புகிறது. காய்க்கு இடது பக்கம் ஒரு விரல் தள்ளி, அங்கே ஒரு காய் இருப்பது போலவே நிதானமாகக் குறி வைக்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. நாலு கலர் லேபிளில் ஒரு கலர் விலகி விழுந்தால் மயிலுக்கு ரெண்டு மூக்கு தெரியும். ரிஜிஸ்டர் விலகிவிட்டது என்போம். மச்சானுக்குக் கண்ணில் ரிஜிஸ்டர் விலகியிருந்தது.

கேட்டேன். “கண்ணா? கழுகுக் கண்ணு!” என்றார். அவருடைய மருமகள்தான் என்னிடம் தனியாகச் சொன்னாள். சாத்தூரில் நடந்த கண் முகாமில் பார்த்தார்களாம். ரெண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் பண்ணியே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் சிரமம் என்று டாக்டர் சொன்னாராம். மச்சான் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஏன்? பயம்தான். ஆயுசு முழுக்க வெடிமருந்துத் தூளுக்குப் பக்கத்தில் நின்றவர். கண்ணுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே பழகியவர். அந்தக் கண்ணில் ஒருத்தன் கத்தி வைக்க அவர் சம்மதிப்பாரா?

நான் என்ன செய்தேன்? முதலில் தோற்க ஆரம்பித்தேன். பாக்கெட் ஓரத்தில் நிற்கிற காயைக்கூட விட்டேன். அவர் காயைத் தடவித் தடவி எப்படியோ ஜெயிப்பார். டீ வரும். ஆனால் கேலி வரவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

அப்புறம் ஒரு யோசனை. அச்சாபீஸ்காரனுக்கு வேறென்ன யோசனை வரும்? மை! பழைய சினேகிதரிடம் பளபளவென்று கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு மை வாங்கினேன். வெள்ளைக் காய் அத்தனைக்கும் பூசினேன். ஒரு நாள் முழுக்கக் காய வைத்தேன். பேப்பர் மையைக் குடிக்கும். பாலிஷ் போட்ட காய் குடிக்குமா? அது எனக்கு உறைக்கவில்லை.

மச்சான் ஸ்ட்ரைக்கரை அடித்தார். ஒரு காய் நகரவில்லை. நடுவில் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, சர்க்கரைப் பாகில் போட்ட கடலை மாதிரி உட்கார்ந்திருந்தது. மேலே கொட்டியிருந்த போரிக் பவுடரும் சேர்ந்து பசையாகிவிட்டது.

மச்சான் ஒரு காயைப் பிய்த்து எடுத்தார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

“எதுக்கு மாப்ளே மை?”

“சும்மா... அழகுக்கு மச்சான்.”

“நான் என்ன குருடனா?”

அவர் எழுந்து உள்ளே போனார். அன்றோடு கேரம் நின்றது.

அதற்குப் பிறகுதான் செல்போன். திருப்பூரில் வேலை பார்க்கிற மகன் புதுப் போன் வாங்கிக்கொண்டு, செங்கல் மாதிரி இருந்த பழசை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டான். மச்சான் அதே வேப்ப மரத்தடியில் சேரைப் போட்டு உட்கார்ந்து, குனிந்து, டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டிருப்பார். நான் போனால், “இருங்க மாப்ளே, பாம்பு நீண்டுருச்சு” என்பார். இருப்பேன். பாம்பு நீண்டுகொண்டே போகும். நான் எழுந்து வந்துவிடுவேன்.

எனக்கு அந்தப் போன் மேல் அப்படி ஒரு கடுப்பு. ஒரு காலத்துச் சினேகிதத்தை ஒரு சின்னப் பாம்பு முழுங்கிவிட்டதே!

இப்படி இருக்கையில், ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போன மச்சானை ஒரு லோடு ஆட்டோ உரசிக்கொண்டு போனது. வேட்டிதான் கிழிந்தது. ஆண்டவன் புண்ணியம். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தானாம். இவர் இல்லாத ஒரு ஆட்டோவுக்கு விலகி, நிஜ ஆட்டோ பக்கம் போய் நின்றிருக்கிறார்.

சேதி கேட்டு நானும் பேச்சியம்மாளும் ஓடினோம். அவள் அழுதாள். ஏசினாள். “ஆசுபத்திரிக்கு வா அண்ணே.” மச்சான் அசையவில்லை.

நான் விடவில்லை. “கண்ணு நல்லா இருக்குங்கீக. அப்ப கேரத்துக்கு வாங்க.”

“கேரம் எதுக்கு? போன்ல நான் வச்சிருக்கேன் பாருங்க ஒரு ரெக்கார்டு... அதை அடிங்க. அடிச்சிட்டா நீங்க சொல்ற எடத்துக்கு வாரேன், கத்தி வைக்கிற எடத்துக்கும் வாரேன். ஒரு வாரம் வச்சுக்கிடுங்க.”

போனை என் கையில் திணித்தார்.

அந்த ஒரு வாரத்தை என்னவென்று சொல்ல? சோறு ஆறியது. டீ ஆறியது. என் தடிமனான கட்டை விரலுக்கு அந்தப் பொத்தான் எறும்பு. மேலே அமுக்கினால் கீழே போகும். புள்ளி இங்கன இருக்கும், பாம்பு அங்கன போய் முட்டும். கனவில்கூட நானே நீண்டு நீண்டு என் காலிலேயே தடுக்கி விழுந்தேன்.

“நல்லா இருக்கு கூத்து. அண்ணன் கண்ணுக்கு மருந்து தேடச் சொன்னா இவுக பாம்பு வளக்காக” என்றாள் பேச்சியம்மாள்.

வாரம் முடிந்தது. மச்சானின் ரெக்கார்டுக்குப் பக்கத்தில்கூட நான் போகவில்லை. போனை மேஜை மேல் வைத்துவிட்டு, தோற்றேன் என்று சொல்ல வேட்டியைக் கட்டினேன். பேச்சியம்மாள் போனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். “நானும் வாரேன்.”

விளக்குப் போடுகிற நேரம். மச்சான் மரத்தடியில் இருந்தார். அவள் நேராகப் போய் முன்னால் நின்றாள்.

“அண்ணே, உன் ரெக்கார்டை அடிச்சாச்சு.”

“யாரு, மாப்ளயா?”

“நான். ஏன், சரம் பின்னுன கைதானே? பாரு.”

போனை நீட்டினாள். மச்சான் வாங்கினார். எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். போனில் ஒன்றுமே இல்லை. ரெக்கார்டு இல்லை, பாம்பு இல்லை... போன் அணைந்து கிடந்தது.

மச்சான் வெகு நேரம் அந்த இருட்டைப் பார்த்தார்.

“ஆமா தாயி” என்றார். “அடிச்சிட்டே. என்னைக்குப் போகணும்?”

திரும்பி வருகிற வழியில் கேட்டேன். “போன்ல ஒண்ணுமே இல்லையே?”

“ஆமா. நீங்க வேட்டி கட்டுறதுக்குள்ளயே சார்ஜ் தீந்துபோச்சு.”

“அதைப் போய் எப்படி நீட்டுன?”

“தெரியுதா இல்லையான்னு பாக்கத்தான் நீட்டுனேன். தெரியல பாத்தீகளா” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. ஒரு கண், பிறகு மறு கண். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊர் வந்தவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை – “என்ன மாப்ளே, இம்புட்டுக் கெழடா போயிட்டீக?”

கேலி திரும்பி வந்துவிட்டது. எனக்குக் கண்ணீர் முட்டியது. கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கண்ணாடி கழற்றிய பிறகு ஒரு நாள் ரெண்டு பேரும் கேரம் காயில் ஒட்டியிருந்த மையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம். மச்சான் திடீரென்று சொன்னார்.

“மாப்ளே, புரை விழுந்த கண்ணுக்கும் வெளிச்சம் தெரியும். அன்னைக்கு உங்க வீட்டுக்காரி நீட்டுன போன்ல வெளிச்சமே இல்ல.”

“தெரிஞ்சுதானா ஒத்துக்கிட்டீக?”

“அவளுக்குப் பொய் சொல்ல வராது மாப்ளே. சின்னப் புள்ளையில மிட்டாய் திருடித் தின்னுட்டு, நான் திங்கலன்னு சொல்லிட்டு, ராத்திரிக்குள்ள அவளே அழுதுருவா. அவ எனக்காகப் பொய் சொல்ல வந்து நிக்கா. அதுக்கு மேல எப்படி மல்லுக்கட்ட?”

“அப்ப உங்க ரெக்கார்டு?”

“அது மகன் வச்சது. எனக்கு எங்க பாம்பு தெரிஞ்சது? பொத்தானை அமுக்குனா டிக் டிக்குனு சத்தம் வரும். சும்மா உக்காந்திருந்தா ஏன் சும்மா இருக்கீக, ஏன் கேரம் ஆடலன்னு வர்றவன் போறவன் எல்லாம் கேப்பான். போனைப் பிடிச்சுக்கிட்டா ஒருத்தன் கேக்கமாட்டான்.”

அதனால்தான் பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. போனுக்குள் குனிந்திருக்கிறவர்கள் எல்லாரும் போனைத்தான் பார்க்கிறார்களா? சிலர் விளையாடுகிறார்கள். சிலர், யாரும் தன்னிடம் ஒன்றும் கேட்டுவிடக் கூடாதே என்று ஒளிந்திருக்கிறார்கள். எவர் எதில் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும்?

அந்த மனுசரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். “தம்பி, சிவகாசில எறங்குனா எதிர்லயே ஆமத்தூர் போற பஸ் நிக்கும்.” தலையாட்டினார். போனைப் பையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

பாம்பு விளையாட்டு நல்லதா, கேரம் நல்லதா, நடைப்பயிற்சி நல்லதா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. எதிரே ஒரு ஆள் இருந்தால் எல்லா ஆட்டமும் நல்லதுதான்.

தினமும் சாயங்காலம் இப்போதும் நான்தான் தோற்கிறேன் – நிஜமாகவே.