எர்த் ஒயரும் அக்காவின் கேசட்டும்

இன்று அம்பத்தூரில் காருக்கு ஆம்ப்ளிஃபையர் மாட்டப் போயிருந்தேன். சீட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டிய கடைக்காரர், "சொரண்டாம எர்த் ஒயர மாட்டினா, பாட்டோட சேந்து உய்யினு கத்திகினே கெடக்கும் சார்" என்றார்.

எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருமுல்லைவாயிலில் அப்பாவின் பழைய ஃபியட்டுக்கு நானே ஆம்ப் மாட்டினேன். வீட்டு டேப் ரெக்கார்டர் பழுதாகிக் கிடந்தது. மஸ்கட்டில் நர்ஸாக இருந்த அக்கா, கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிவுசெய்த கேசட்டை அனுப்பியிருந்தாள்.

அதைக் கார் ஸ்டீரியோவில் போட்டால், இன்ஜின் ஓடும்போது அவள் குரலை மூடிக்கொண்டு ஓர் ஊளை கேட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறியது. ஒயர்களை மாற்றிப் பார்த்தும் போகவில்லை.

எர்த் ஒயர் வெறும் இரும்பில் படவேண்டும். ஆனால் வண்டிக்கு அப்போதுதான் புது பெயிண்ட் அடித்திருந்தது. தூசி படிந்தாலே அப்பாவுக்குக் கோபம் வரும். பெயிண்டைச் சுரண்டவேண்டும் என்று அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அப்பா என் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கி அவரே தேய்த்தார். "பெயிண்ட் அப்பால அடிச்சிக்கலாம். பொண்ணு இன்னா சொல்றான்னு கேக்கணும்ல."

ஊளை நின்றது. ஞாயிறு பூசை முடிந்து ஆவடியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டு வந்தாள். "சாப்ட்டியாம்மா?" என்று அவள் கேட்டதும் பின்சீட்டிலிருந்து அம்மா, "சாப்ட்டேன்டி, நீ?" என்றார்.

"அது டேப்பு, மேரி" என்றார் அப்பா.

"தெரியும். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

இப்போது அக்கா தினமும் வீடியோ காலில் வருகிறாள். "சீரியல் போட்டுட்டான், அப்பால பேசு" என்று அம்மா வைத்துவிடுகிறார்.

உங்கள் வீட்டில் கேசட்டுக்குப் பதில் சொன்னவர்கள் உண்டா?