நைனா ஸ்நூக்கர் பார்த்த கோடை

பந்தோடு பந்து மோதும் அந்த "டக்" சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் குப்பத்தில், ஏப்ரல் வெயிலுக்குக் கதவைச் சாத்திய வீட்டுக்குள் டி.வி.யில் ஒரு பச்சை மேசை ஒளிர, அந்தச் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. படகைக் கரையேற்றும்போது கால் எலும்பு முறிந்து, புத்தூர் கட்டோடு படுத்திருந்த நைனா, சேனல்களைத் திருப்பித் திருப்பி உலக ஸ்நூக்கர் சாம்பியன்ஷிப்பில் வந்து நின்றார். ஆங்கிலம் தெரியாமலே, ஒரு சிவப்புப் பந்தைக் குழியில் தள்ளிய பிறகுதான் வேறு நிறத்தைத் தொடலாம், நிறப்பந்து மேசைக்குத் திரும்பும், சிவப்பு திரும்பாது என்பதை மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார். அம்மாவுக்கு அது "கலர் கோலி". நம் நாட்டு ராணுவ முகாமில் வெள்ளைக்கார அதிகாரிகள் பொழுதுபோகாமல் உண்டாக்கிய ஆட்டம் அது, ஊட்டியில் அதற்கு விதிகள் எழுதினார்கள், சாம்பியன்ஷிப்புக்கே நூறு வயது நெருங்குகிறது என்பதெல்லாம் நான் பின்னாளில் படித்தவை. நைனாவைக் கட்டிப்போட்டது வேறு. ஒரு நாள் ஓர் ஆட்டக்காரர், தன் சட்டை பந்தில் பட்டுத் தப்பாட்டமானதை நடுவர் கவனிக்காதபோதும் தானே சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். "பாத்தியா, எவனும் பாக்கல, அவனே சொல்றான்" என்று நைனா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பி கஜா மாமாவும் நைனாவும் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். அந்தக் கோடையில் தனியாகப் போய்வந்த மாமா, குளித்துவிட்டு நைனாவின் கட்டிலடியில் உட்கார்ந்துகொள்வார். இருவரும் ஆளுக்கொரு ஆட்டக்காரனைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

அரையிறுதி முடியும் மாலையில்தான் நான் பார்த்துவந்த நடனப் போட்டியின் கடைசிச் சுற்றும் வந்தது. கெஞ்சினேன், நைனா மாற்றவில்லை. மாமா மாடியில் காயவைத்த சென்னாங்குன்னிப் பொடி இறாலை அள்ளப் போயிருந்தார். பின்னாலேயே ஏறி, எனக்கில்லாதது யாருக்கும் வேண்டாமென்று கேபிள் ஒயரைப் பிடுங்கிவிட்டு இறங்கினேன்.

படம் போனது. "மேல யாரு?" என்று நைனா கத்தினார்.

"மாமாதான் இருக்காரு" என்றேன். அது பொய்கூட இல்லை. அதனாலேயே இன்னும் உறுத்துகிறது.

கூடையோடு இறங்கி வந்த மாமாவிடம் நைனா, "உன் ஆளு தோக்கறான்னு ஒயர புடுங்கினியா?" என்றார். விளையாட்டாகக் கேட்கிறாரென்று மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு நைனாவைக் கொளுத்திவிட்டது.

"நான் காலொடிஞ்சு கெடக்கறேன். நீ தனியா படகு ஓட்டற இல்ல, அந்தத் திமிரு. இனிமே என் வூட்டுப் படி ஏறாத!"

அறையில் நானும் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். வாய் வரவில்லை. மாமா கூடையை வைத்துவிட்டுப் போனார்.

படகை விற்றார்கள். மாமா பொன்னேரிக்குப் போய் ஆட்டோ ஓட்டினார். நான் பெரியவளானபோது தாய்மாமன் மாலை வரவில்லை. யாரோ ஒரு பெரியப்பா போட்டார். அம்மா அடுப்படியில் நின்று அழுததைப் பார்த்தும் நான் சொல்லவில்லை.

போன வருடம் என் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்தபோது, தன் தம்பி பெயர் இல்லாத அந்தத் தாளை அம்மா திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் இருவரிடமும் சொன்னேன். நைனா சட்டையைப் போட்டுக்கொண்டு பொன்னேரிக்குப் பஸ் ஏறினார்.

மாலையில் திரும்பி, அம்மாவிடம் சொன்னார்: "அவனுக்கு அப்பவே தெரியுமாம். இவ புடுங்கறத பாத்துட்டானாம்."

"அப்ப ஏன் சொல்லலையாம்?"

"நான் இருந்த கோவத்துல கொழந்தைய அடிச்சுடுவேன்னு பயந்தானாம்."

மாமா கல்யாணத்துக்கு வந்தார், மாலை போட்டார். இப்போதும் வருகிறார். ஏரி நடுவில் பேசினால் கரைக்குக் கேட்கும் அந்த இருவரும் மின்விசிறிக்குக் கீழே எதிரெதிரே உட்கார்கிறார்கள். "சாப்ட்டியா?" "ஆச்சு." அதற்கு மேல் பேச்சு எழுவதில்லை. அம்மா வீட்டுக்குப் போகும் நாட்களில் நான் டீ கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாராவது ஒருவர் குரலை உயர்த்திச் சண்டை போடமாட்டாரா என்று.