மண்தூண் பக்கத்தில் நின்ற படம்

எங்கள் வீட்டுச் சுவரில் என் படம் ஒன்று தொங்குகிறது. கல்யாணப் படமல்ல. கையில் ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, என்னைவிட உயரமான மண்தூண் ஒன்றின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறேன். தூணின் தலையில் புல் முளைத்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள், "ஏனுங்க, புத்துக்குப் பக்கத்துல நின்னா படம் எடுத்தீங்க?" என்று கேட்பார்கள்.

மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர் பெருமாட்டியில் பஞ்சாயத்துக் குளம் வெட்டியபோது எடுத்தது அது. மண்ணெடுத்தது முழுக்கப் பெண்கள் நாங்கள்தான். குளம் வெட்டும்போது நடுவில் ஒரு தூண் அளவுக்கு மண்ணைத் தொடாமல் விட்டுவிடுவோம். அதன் தலை பழைய தரை, அடி நாங்கள் தோண்டிய ஆழம். ஓவர்சியர் வந்து அதில் டேப் பிடித்து அளந்தால்தான் எங்கள் உழைப்பு கணக்கில் ஏறும். அளந்து முடிந்ததும் குலவையிட்டுத் தூணை இடிப்போம். அந்த இடிப்புக்காகவே காத்திருப்போம் என்று சொல்லலாம்.

அந்த முறை வந்த ஓவர்சியர் ஒல்லியான சின்னப் பெண். வேலைக் கணக்கெல்லாம் ஆன்லைனுக்கு மாறிய சமயம். பலகை மாதிரி ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு, "பெரியம்மா, கோலப் புடிச்சுட்டு நில்லுங்க" என்பாள். நான் முகம் கழுவி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்பேன். "அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்களாட்ட இருக்குது!" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். "பாத்தா என்னடி, எனக்கென்ன கொறச்சல்?" என்பேன். சாயந்திரம் அவள் ஆபீசுக்குப் போய் அன்றைய படங்களைக் கம்ப்யூட்டரில் மேலே ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். மழை வந்தாலும் அது தவறாது. ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "கையில இருக்கறது எப்ப வேணாலும் போயிருமுங்க. இன்னொரு எடத்துலயும் இருக்கோணும்" என்பாள். எனக்கு அது அன்றைக்கு விளங்கவில்லை.

தோண்டல் முடிந்த மறுநாள், கரையைச் செதுக்கி அழகுபடுத்திக்கொண்டிருந்தோம். அவள் தூணை நாலு பக்கமும் படம் எடுத்தாள். டேப்பை அவள் வெளியே எடுக்கவே இல்லை. படம் எடுத்ததுதான் புதுக்கால அளவு என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அவள் கரையேறியதும் குலவையிட்டு இடித்துவிட்டோம்.

"ஐயோ, என்ன பண்ணிட்டீங்க! இந்தத் தடவ நாளைக்குத்தானுங்க எஞ்சினியரே வந்து அளக்கறாரு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தவள், சேற்றில் வழுக்கினாள். டேப்லெட் குழியில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்தது. எடுத்துத் துடைத்தால் வெளிச்சமே வரவில்லை.

"தூணும் போச்சு, படமும் போச்சு. நாம மண்ணு சொமந்ததுக்கு இனி யாரு சாச்சி?" என்று எங்களில் ஒருத்தி உட்கார்ந்து அழுதாள்.

"இன்னைக்கு எடுத்ததுதானுங்க போச்சு. வாங்க" என்றாள் அவள்.

பஞ்சாயத்து ஆபீசில் ஈரச் சேலையோடு வாசலில் நின்றோம். எஞ்சினியர் பக்கத்தில் இருக்க, அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். முதலில் வெறும் புல்தரை. பிறகு ஒவ்வொரு படமாக வர வர, நடுவில் அந்தத் தூண் செடி மாதிரி வளர்ந்துகொண்டே வந்தது. நாங்கள் கீழே கீழே போனதைத்தான் அது அப்படிக் காட்டியது. கடைசியாக முந்தின சாயந்திரத்துப் படம்: தூண், அளவுகோல், நான். கோலின் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. எஞ்சினியர் குனிந்து பார்த்தார். "இது மதி" என்றார் மலையாளத்தில், போதுமென்று. அந்த ஆபீசுக்குள்ளேயே ஒருத்தி குலவையிட்டுவிட்டாள்.

படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்ததும் அந்தப் பெண்தான். இப்போது அவள் மாற்றலாகி இடுக்கியில், சக்குபள்ளம் பக்கம் இருக்கிறாள். இங்கே நாங்கள் குளம் வெட்டினால் இன்றும் தூண் விடுகிறோம், படமும் எடுக்கிறோம். எஞ்சினியர் டேப்பைச் சுருட்டிப் பையில் போடும்வரை குலவை கிடையாது.

போன வாரம் போன் செய்து, குளம் எப்படியிருக்கிறது என்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை எடுக்கச் சொல்லிப் படம் அனுப்பினேன். சுவர்ப் படத்தில் நான் நிற்கிற இடத்தில் இப்போது தலைக்கு மேல் தண்ணீர். நான் கரையில் நிற்கிறேன், அதே நிமிர்வோடு.

"வந்துருச்சுங்க பெரியம்மா, குளம் ரொம்பிக் கெடக்குது!" என்றாள்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் அம்முணி" என்றேன். "மொதல்ல படத்த மேல ஏத்தி வெய்யி."